உலாயுவின் வலது பாதம்

தெற்கு ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி
20 செப்டம்பர் 1959

தம்பி நுயாலியாக்குக்கு,

உன் கையைப் பிடித்துக் குலுக்குகிறேன். உன் வீட்டுக்காரி இலிசாபியின் கையையும்தான். நான் உயிரோடு இருக்கிறேன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? இந்தக் காற்றில் கூடாரம் நிற்கிறதா?

கப்பலில் நெஞ்சைப் படம் பிடிக்கிறார்கள் என்றுதானே ஏறினேன். பிடித்து முடித்ததும் என் புறங்கையில் மையால் ஒரு குறி போட்டார்கள். குறி விழுந்தவர்களுக்குக் காசநோயாம், கரைக்கு இறங்கக் கூடாதாம். "பிள்ளை கரையில இருக்கா. ஒரே ஒரு தடவை போய்ச் சொல்லிட்டு வந்திடறேன்" என்று கெஞ்சினேன். "நேரமில்ல, பனிக்கட்டி நெருங்குது" என்றான் மொழிபெயர்க்கிறவன். தளத்தில் நின்று பார்த்தேன். நாம் அம்மா என்று கூப்பிடும் அந்தப் பிள்ளை நாய்க்குட்டியைத் துரத்திக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நம் அம்மா உலாயு கண்மூடிய வாரமே என் வயிற்றிலிருந்து அவள் பெயரோடு வந்தவள். ஆறு வயதில் உன்னை "மகனே" என்று அதட்டுகிறவள். அவள் அப்பன் பனி உடைந்து கடலில் போன பிறகு அவளுக்கு நீயும் நானும்தான். இப்போது நீ மட்டும்தான். பார்த்துக்கொள் தம்பி.

இங்கே எழுந்து நிற்கவே விடுவதில்லை. படுத்தே கிடந்தால்தான் நெஞ்சு ஆறுமாம். ஆனால் படுத்துக்கொண்டே தைக்கலாம். அம்மாவின் பாதத்தைத் தாளில் வரைந்து அனுப்பு, பூட்ஸ் தைத்து அனுப்புகிறேன். அவளைக் கல்லிலும் செதுக்கி அனுப்பு. எனக்கு இங்கே பார்க்க ஒன்றுமே இல்லை, ஜன்னல் முழுக்க மரங்கள் நின்று மறைக்கின்றன.

காகிதத்திலும் உன் கையை விடாமல் பிடித்திருக்கும்
அக்கா சியாசி


நம் முகாம்
வடதுருவக் கரை
14 நவம்பர் 1959

அக்காவுக்கு,

கை குலுக்குகிறேன். எங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. இலிசாபி வயிற்றில் ஒன்று இருக்கிறது, வாத்துகள் வரும் நாளில் பிறக்கும் என்கிறாள். உன் நெஞ்சு எப்படி இருக்கிறது?

அம்மாவின் பாதம் இதோ. வலது கால். பனிவண்டி ஏறி வளைந்த அந்தச் சுண்டுவிரலைக்கூட விடாமல் வரைந்திருக்கிறேன். அவளைத் தாளின்மேல் நிற்க வைப்பதற்குள் என் உயிர் போய்விட்டது.

"அசையாம நில்லும்மா."

"கூசுதுடா மகனே! வேணும்னே பண்றே."

"ஒரே நிமிஷம்."

"உன்னைப் பெத்த பாவத்துக்கு இதுவும் வேணுமா எனக்கு?"

இலிசாபி சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டாள். முடிந்ததும் "எனக்கும் ஒண்ணு" என்று அடம். மெல்லிய தாளை மேலே வைத்து இன்னொன்று படியெடுத்துக் கொடுத்தேன். அதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திரிகிறாள்.

நம்மை வரையச் சொல்லிப் படங்களை வாங்கும் வெள்ளைக்காரருக்கு நம் ஆட்கள் வைத்திருக்கும் பெயர் 'காகிதம்'. அவர் எனக்கு அச்சு வேலை சொல்லிக் கொடுக்கிறார். தட்டைக் கல்லில் படத்தைச் செதுக்கி, மை தடவி, தாளை ஒற்றி எடுக்க வேண்டும். கல்லில் வலதாக இருப்பது தாளில் இடதாக விழும். அதுதான் என் மண்டையில் ஏறவில்லை. ஈட்டி எறிகிற ஆளைச் செதுக்கினேன், தாளில் இடக்கைக்காரனாக வந்து நின்றான். "இவனை என்கூட வேட்டைக்கு அனுப்பாதீங்கப்பா, கடல்நாயை விட்டுட்டு என்னைக் குத்திடுவான்" என்று ஒருவர் சொல்ல, முகாமே சிரித்தது. அம்மா மட்டும் என் பக்கம். "என் மவன் அப்படித்தான் போடுவான், உங்களுக்கென்ன?" என்றாள்.

அவளைச் செதுக்குகிறேன் அக்கா. கொஞ்சம் நின்று தொலைத்தால்தானே.

இலிசாபி பதப்படுத்திய கடல்நாய்த் தோல் ஒன்றும் அனுப்புகிறாள்.

தம்பி நுயாலியாக்


தெற்கு ஆஸ்பத்திரி
10 ஜனவரி 1960

என் கூடப் பிறந்தவனுக்கு,

கை குலுக்கல் உனக்கு. அம்மாவுக்கு மூக்கோடு மூக்கு. எல்லோரும் சுகமாக இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன். நான் ஊசி குத்திக் குத்திச் சல்லடையாகிவிட்டேன், மற்றபடி சுகம்.

உன் கடிதத்தைப் பக்கத்துக் கட்டில் மாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். கிழக்குக் கரைக்காரி. அவள் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, நர்ஸ் ஓடி வந்து எங்கள் இருவரையும் திட்டினாள். திட்டும்போதும் பெயர் சொல்வதில்லை. அரசாங்கம் நமக்கு மாட்டிவிட்ட கழுத்துத் தகட்டில் இருக்கும் எண்ணைத்தான் சொல்வாள்.

பாதம் என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. விளக்கு வைத்ததும் எடுத்து உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்ப்பேன். பூட்ஸ் தைத்துவிட்டேன், இந்த விமானத்தில் வருகிறது. வளருகிற கால் என்பதால் விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். வலது பக்கம் சுண்டுவிரலுக்குத் தோலை இளக்கிவிட்டிருக்கிறேன், உறுத்தாது. போட்டுக்கொண்டு என்ன சொன்னாள் என்று அப்படியே எழுது. நீ அழகுபடுத்தி எழுத வேண்டாம்.

கல்லில் செதுக்கும்போது, இடுப்பில் கை வைத்து மூக்கைச் சுளித்து நிற்பாளே, அப்படிச் செய்.

உன் அக்கா, அவள் மகள்
சியாசி


நம் முகாம்
18 ஏப்ரல் 1960

அக்காவுக்கு,

கை குலுக்குகிறேன். உன் நெஞ்சு தேறுகிறதா?

மார்ச்சில் முகாமில் அம்மை வந்தது. இப்போது போய்விட்டது. நானும் இலிசாபியும் நன்றாக இருக்கிறோம். பூட்ஸ் வந்து சேர்ந்தது. தையல் ரொம்ப நேர்த்தி என்று இலிசாபி சொன்னாள்.

ஓர் ஆந்தை செய்து அனுப்பியிருக்கிறேன். பச்சைக்கல். நர்ஸ் சொல்வதைக் கேட்டு அசையாமல் படுத்திரு. நீ எழுந்திருக்கக் கூடாது.

தம்பி


தெற்கு ஆஸ்பத்திரி
2 ஜூன் 1960

வாயில்லாத தம்பிக்கு,

உன் கையைக் குலுக்குகிறேன், கொஞ்சம் வேகமாகவே. என் உடம்பு பரவாயில்லை. உங்கள் வீட்டில் எல்லோருக்கும் எழுதப் படிக்க மறந்துவிட்டதா?

நான் கேட்டது என் பெண்ணை. நீ அனுப்பியது ஒரு குண்டு ஆந்தை. அது கட்டிலோரத்தில் உட்கார்ந்து முறைக்கிறது. "இதுவா உங்கம்மா? கண்ணு நல்லா பெருசா இருக்கே" என்று மாத்தா கேலி செய்கிறாள். ஆந்தை அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பூட்ஸ் பொருந்தியதா? அவள் என்ன சொன்னாள்? தையல் நேர்த்தி என்று இலிசாபி சொன்னது இருக்கட்டும், போட்டுக்கொண்டவள் என்ன சொன்னாள்? அம்மை வந்தது என்று ஒரு வரி எழுதி மென்று முழுங்கியிருக்கிறாய். அவளுக்கும் போட்டதா? தழும்பு விழுந்துவிட்டதா? எதுவானாலும் எழுது, அழகு போனால் போகிறது.

ஆகஸ்டில் என் நெஞ்சைத் திறந்து மூன்று விலா எலும்பை எடுக்கப் போகிறார்கள். பிழைத்தால் அடுத்த வருஷக் கப்பலில் வீட்டுக்கு அனுப்புவார்களாம். பயமாக இருக்கிறது தம்பி. அவளுக்காகத்தான் சரி என்றேன்.

குளிர்காலத்துக்கு இன்னொரு ஜோடி தைக்க வேண்டும். இதற்குள் கால் வளர்ந்திருக்கும். புதிதாக வரைந்து அனுப்பு. வலது கால்.

சியாசி


நம் முகாம்
9 ஆகஸ்ட் 1960

அக்காவுக்கு,

கை குலுக்குகிறேன். கப்பல் வந்திருக்கிறது, அவசரமாக எழுதுகிறேன். நெஞ்சைத் திறந்தார்களா? வலிக்கிறதா? உன்னை நினைக்காத நாளில்லை.

நீ கேட்ட காலின் அளவு இதில் இருக்கிறது. இந்த முறை பென்சில் இல்லை, மையில் ஒற்றி எடுத்தது. கூடவே கல்லில் கடல்நாய் ஒன்று, மூச்சு விட மேலே வருகிற மாதிரி.

மே மாதம் இலிசாபிக்குப் பெண் பிறந்தது. நன்றாகப் பால் குடிக்கிறது. நாங்கள் நலம்.

தயவு செய்து படுத்தே இரு. ஆறிய பிறகு எல்லாம் பேசலாம்.

தம்பி


தெற்கு ஆஸ்பத்திரி
16 அக்டோபர் 1960

நுயாலியாக்,

கை குலுக்குகிறேன். விலா எலும்பு எடுத்தாகிவிட்டது. பிழைத்துவிட்டேன்.

தோலை வெட்டத் தாளை எடுத்தேன். வலது கால் கேட்டேன், இடது கால் வந்திருக்கிறது. சரி, மறந்திருப்பான் என்று நினைத்தேன். அப்புறம் சுண்டுவிரலைப் பார்த்தேன். வளைந்திருக்கிறது. என் பிள்ளைக்கு இடது காலில் சுண்டுவிரல் வளைந்ததே இல்லை.

பழைய தாளைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்தேன். புதிய தாளைத் திருப்பி அதன்மேல் வைத்து ஜன்னலில் ஒட்டிப் பார்த்தேன். கோட்டின்மேல் கோடு. கூசுது என்று அவள் அசைந்தாளே, குதிகாலில் பென்சில் வழுக்கிய இடம், அதுவும் அப்படியே இருக்கிறது. ஒன்பது மாதத்தில் ஒரு நூல் வளரவில்லை. இது காலிலிருந்து எடுத்தது இல்லை. கல்லிலிருந்து எடுத்தது. உன் இடக்கை வேட்டைக்காரன் மாதிரியே இடம் மாறி வந்திருக்கிறது.

இன்னொன்று. ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால் நம் ஆட்கள் முதல் வரியில் பெயரைத்தான் எழுதுவார்கள். போனவர்களில் யார் திரும்பி வந்திருக்கிறார் என்று சொல்லாமல் பிள்ளை பிறந்ததைச் சொல்கிறவன் உண்டா? நீ பால் குடிக்கிறது என்று எழுதியிருக்கிறாய்.

பிள்ளைக்கு என்ன பெயர்? அதை மட்டும் எழுது. வேறு ஒன்றும் வேண்டாம்.

சியாசி


நம் முகாம்
5 டிசம்பர் 1960

அக்கா,

உன் கையைக் குலுக்க எனக்கு முகமில்லை. ஆனாலும் குலுக்குகிறேன்.

உலாயு.

நீ அதை மட்டும்தான் கேட்டாய். ஆனால் மீதியை இத்தனை மாதம் சுமந்தது போதும் எனக்கு.

மார்ச் ஏழாம் தேதி. அம்மை போட்டு ஐந்தாம் நாள். முகாமில் நான்கு பிள்ளைகள் போனார்கள். கடைசி நாள் காய்ச்சலிலும் என்னைத்தான் அதட்டினாள். "மகனே, என்னத்துக்கு அழுவுறே? போய்ச் சாப்பிடு" என்றாள். நான் சாப்பிடப் போகவில்லை. பக்கத்திலேயே இருந்தேன்.

உன் பூட்ஸ் பதினொரு நாள் கழித்து வந்தது. தரை உறைந்து இரும்பாக இருந்ததால் அவள்மேல் கல்தான் அடுக்கியிருந்தோம். கற்களுக்கு இடையில் பூட்ஸை வைத்து, நாய்கள் இழுக்காதபடி பெரிய கல்லாகப் பார்த்து மூடினேன். ஊசி போட வந்த நர்ஸ், "இப்ப சொல்லாதீங்க. சொன்னா அவங்க கட்டிலை விட்டு எழுந்திடுவாங்க, நெஞ்சு திறந்துக்கும். ஆறட்டும், அப்புறம் சொல்லலாம்" என்றாள். நான் சரி என்றேன். அவள்மேல் பழி போடவில்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது. எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் சட்டைக்குள் வைத்திருந்த அந்த மெல்லிய தாளை எடுத்து ஒரு கல்லில் ஒட்டி, கோட்டின்மேலேயே செதுக்கினேன். முகத்தைச் செதுக்க உட்கார்ந்தால் கை வரவில்லை, கால் மட்டும்தான் வந்தது. அச்சுப் போடுவதற்காகச் செய்யவில்லை அக்கா, தொட்டுப் பார்ப்பதற்காகச் செய்தேன். நீ புதிய அளவு கேட்டதும் அதில் மை தடவி ஒற்றி அனுப்பிவிட்டேன். இடம் மாறும் என்பது அப்போதும் என் மண்டையில் ஏறவில்லை.

மே மாதம் பிள்ளை பிறந்தபோது இலிசாபி என்னைக் கேட்கவே இல்லை. கையில் வாங்கியதுமே "உலாயு, வந்துட்டியா?" என்றாள்.

திட்டு அக்கா. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

நுயாலியாக்


நம் முகாம்
20 மார்ச் 1961

அக்காவுக்கு,

கை குலுக்குகிறேன். மூன்று விமானம் வந்துவிட்டது, உன் கடிதம் இல்லை. இறங்கியவர்களிடமெல்லாம் கேட்டேன். "அந்த ஆஸ்பத்திரில நிறைய பேரு இருக்காங்க, எங்களுக்குத் தெரியாது" என்றார்கள். நீ இருக்கிறாயா இல்லையா என்றுகூடத் தெரியாமல் எழுதுகிறேன்.

செதுக்கிவிட்டேன். ஒரு வருஷம் ஆன அன்று உட்கார்ந்தேன், நான்கு நாளில் முடிந்தது. இடுப்பில் கை, சுளித்த மூக்கு. காலில் உன் பூட்ஸ். சுண்டுவிரலுக்கு நீ தோலை இளக்கியிருந்த இடத்தைக்கூட வைத்திருக்கிறேன். கல்லிலாவது போட்டுக்கொள்ளட்டும் என்று.

பிள்ளை பிடித்துக்கொண்டு நிற்கிறாள். என்னைப் பார்த்தால் முறைக்கிறாள். நான் "அம்மா" என்றுதான் கூப்பிடுகிறேன், வேறு எப்படிக் கூப்பிடுவது?

ஒரு வரி எழுது. உன் பெயரை மட்டும் எழுதினாலும் போதும்.

தம்பி


தெற்கு ஆஸ்பத்திரி
28 மே 1961

தம்பி நுயாலியாக்குக்கு,

உன் கை என் கையில் இருக்கிறது. நான் இருக்கிறேன். இலிசாபிக்கும் என் கை.

நீ பயந்தது நடந்தது. உன் டிசம்பர் கடிதத்தைப் படித்தவள் கட்டிலிலிருந்து இறங்கி, மாடிப்படி இறங்கி, வெளியே போய்ப் பனியில் உட்கார்ந்துவிட்டேன். இங்கே பனி சொதசொதவென்று ஈரமாக இருக்கிறது, நம் பனி மாதிரி இல்லை. அன்றைக்கே வாயில் இரத்தம் வந்தது. இந்தக் கோடையில் கப்பல் ஏற முடியாது. இன்னும் ஒரு வருஷம் என்கிறார்கள். இதை மறைத்து எழுத நினைத்தேன். நம் இருவரில் ஒருவர் மறைத்தது போதும்.

கோபம் அதற்கில்லை. அந்தத் தாளை ஜன்னலில் ஒட்டிப் பார்க்கும்வரை, என் பிள்ளைக்காக அழ வேண்டிய ஏழு மாதத்தை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டாய். அவள் கல்லுக்கு அடியில் கிடக்க, நான் இங்கே ஆந்தையைப் பார்த்துக் கேலி பேசிச் சிரித்துக்கொண்டிருந்தேன். மாத்தாவிடம் அவள் இன்னும் வளர்ந்திருப்பாள் என்று கையால் உயரம் காட்டினேன். அதை நினைத்தால்தான் உன்னைக் கொன்றுவிடலாம் போல இருந்தது. அதனால்தான் எழுதவில்லை. இப்போது அவ்வளவு இல்லை. நீ எனக்காகப் பயந்தாய், நீயும் அவளை இழந்தவன்தான்.

கல் வந்தது. கட்டிலோரத்தில் ஆந்தையைத் தள்ளிவிட்டு வைத்தேன்.

"யாருடி இது, இடுப்புல கை வச்சுக்கிட்டு? நர்ஸா?" என்றாள் மாத்தா.

"எங்கம்மா" என்றேன். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம். நர்ஸ் வந்தாள், இந்த முறை திட்டவில்லை.

சின்னவளின் பாதத்தை வரைந்து அனுப்பு. பென்சிலால், காலிலிருந்து. வலது கால், வலது காலாகவே வரட்டும். கீழே இருப்பதை அவளுக்குப் படித்துக் காட்டு.

அம்மா, நான் உன் மகள் சியாசி. உன் கை சின்னதாக இருக்கும், அதனால் மெதுவாகக் குலுக்குகிறேன். உன் மகன் நுயாலியாக்கை அடிக்கடி அதட்டு, அவனுக்கு அது இல்லாமல் முடியாது. நான் வர இன்னும் ஒரு வருஷம் ஆகும். உனக்குப் பூட்ஸ் தைக்கப் போகிறேன், ஒரு நூல்கூட இடம் விடாமல் அளவாகத் தைப்பேன். அது அங்கே வந்து சேரும்போது உன் காலுக்குப் பத்தாமல் போகட்டும்.